பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்து அடுத்த டிக்கெட் போடாதீர்கள்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். "இங்கிருந்து அங்கே எத்தனை மணி நேரம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இணையத்தில் ஒரு விடையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அந்தத் தளங்களில் பலவும் செய்வது எளிய கணக்கு. பூமியின் வளைவையொட்டி இரண்டு ஊர்களுக்கும் உள்ள மிகக் குறைந்த தூரத்தை மணிக்கு 800, 900 கிலோமீட்டர் என்று ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கக் கொஞ்சம் கூட்டிவிடுவார்கள். தோராயத்துக்குச் சரி.

ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே பறப்பதில்லை. 2022இல் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டதும், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 9 மணி நேரத்தில் போன விமானங்களுக்கு 13 மணி நேரம் பிடித்தது. காற்றும் ஒரு காரணம். நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். கிழக்கே போகும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும், ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் தயவில் ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்குள் லண்டனில் இறங்கியது.

அதனால் விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். விமானம் பயணிகள் ஏறும் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து போன ஊரில் கேட்டில் நிற்கும் வரை அதில் அடங்கும். ரன்வேக்கு ஊர்ந்து போவதும் சேர்த்துத்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டாம்.

உண்மையான வம்பு, இரண்டு விமானங்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுப்பதில் வருகிறது. பத்து மணிக்கு இறங்குகிறோம், பதினொன்றரைக்கு அடுத்தது, ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று நினைப்பார்கள். வெளிநாட்டு ஊரென்றால் பொதுவாகக் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பன்னாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆக, கையில் இருப்பது அரை மணி நேரம். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணம் இருந்தால் அதுவும் ரத்தாகலாம். விலை குறைவு என்று பிடிவாதமாகக் கேட்பவர்களுக்கு நான் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வைப்பேன். அடுத்தது அன்றைய கடைசி விமானம் என்றால் இரவு தங்கிவிட்டு மறுநாள் போகச் சொல்வேன்.

அப்புறம், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று பாருங்கள். டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும் வேறு வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.