பெருந்தொற்றுக் காலத்தில் வெளிமாநிலத் தொழிலாளியின் உடல்நலம்: சென்னையில் எது உடனே கிடைக்கும், எதற்கு முன்பே பதிய வேண்டும்

சென்னையில் கட்டட வேலை நடக்கும் இடமொன்றில் மேஸ்திரியின் வருகைக் குறிப்பேட்டைப் புரட்டினால், உள்ளூர் ஆட்களின் பெயர்கள் தனித்தனியாக இருக்கும். அவற்றின் கீழே ‘பீகார் 7, ஒடிசா 4’ என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். வாரக் கூலியைக் கணக்குப் பார்க்க அது போதும். ஆனால் பெருந்தொற்று பரவும் நேரத்தில் அந்த ஏழு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், சட்டப்படி அவருக்கு வரவேண்டியவற்றில் பாதி, பெயரில்லாத அந்த வரியோடு நின்றுபோகும்.

இவ்விளக்கம் முதலில் தொழிலாளிக்காக எழுதப்பட்டதன்று. ஆள் வைத்து வேலை வாங்கும் பட்டறைக்காரர், ஒப்பந்தக்காரர், அறையை வாடகைக்கு விட்டவர், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. ஏனெனில் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு இந்நகரத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். உரிமைகளை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. சிகிச்சை பெற எந்த அட்டையும் வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் வயிறு நிறைவதற்கும் கூலி இழப்பை ஈடுகட்டுவதற்கும் பதிவு வேண்டும். அதுவும் நோய் வருவதற்கு முன்பே இருக்க வேண்டும்.

அட்டை இல்லாமல் கிடைப்பவை

ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகிய எதிலும் புறநோயாளிச் சீட்டு வாங்க ரேஷன் அட்டையோ தமிழ்நாட்டு முகவரிச் சான்றோ தேவையில்லை. அவசர நிலையில் வருபவரை எந்த மருத்துவரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989ஆம் ஆண்டிலும், அரசு மருத்துவமனை அவசர சிகிச்சை தர மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று 1996ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

சிக்கல் வேறோர் இடத்தில் வருகிறது. சீட்டு எழுதும் இடத்தில் ‘அட்ரஸ்’ என்று கேட்டால், வந்தவர் தம் சொந்த மாவட்டத்தின் பெயரைச் சொல்கிறார். எழுதுபவரும் ‘மதுபானி, பீகார்’ என்று எழுதிவிடுகிறார். மற்ற நாள்களில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. தொற்றுக் காலத்திலோ அவர் நேற்றிரவு எங்கே படுத்தார், உடன் யார் யார் படுத்தார்கள் என்பதுதான் சுகாதார ஆய்வாளருக்கு வேண்டிய முகவரி. அது சீட்டில் இல்லாவிட்டால் பரிசோதனை முடிவும் அவரைத் தேடி வராது. ஆகவே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் தங்குமிடத்தின் தெருப் பெயர், மாநகராட்சி வட்டத்தின் (வார்டு) எண், மேஸ்திரியின் கைபேசி எண், ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். இதற்கு அரசாணை எதுவும் கிடையாது, செலவும் கிடையாது.

தடுப்பூசிக்கும் இதுவே நிலை. கொரோனா தடுப்பூசி 2021 ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஒன்றிய அரசின் செலவில் இலவசமாகப் போடப்பட்டபோது, அடையாள அட்டை இல்லாதவர்களையும் சிறப்பு முகாம்களில் சேர்த்துக்கொள்ள அவ்வாண்டிலேயே தனி நெறிமுறை வகுக்கப்பட்டிருந்தது. ஆதார் இல்லை என்பதற்காக ஊசி மறுக்கப்படக் கூடாது என்பதற்கு அது முன்னுதாரணம். உணவைப் பொறுத்தவரை, 2013 முதல் மாநகராட்சி நடத்திவரும் அம்மா உணவகங்களில் எவரிடமும் அட்டை கேட்பதில்லை.

தங்குமிடம்

தகரக் கொட்டகை ஒன்றில் பன்னிரண்டு பேர், இருவருக்கு ஒரு பாய், எல்லோருக்கும் ஒரே குழாய் என்று வைத்துவிட்டு, முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்வதில் பொருளில்லை. கட்டடத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம், பணியிடத்திலோ அதற்கு அருகிலோ இலவசமாகத் தற்காலிகத் தங்குமிடம் தர வேண்டும், அதில் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் தனித்தனி இடமும் கழிப்பிடமும் இருக்க வேண்டும் என்று அன்றே சொல்லிவிட்டது. நெருக்கம் என்ன செய்யும் என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி: தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அந்நாட்டு அரசே 2020 டிசம்பரில் தெரிவித்தது. அந்த விடுதிகளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதால் அப்போது நாம் பதறினோம். பெரும்பாக்கத்துக் கொட்டகைக்கும் அதே பதற்றம் பொருந்தும்.

வாடகை வீட்டில் தங்கியிருப்பவரின் நிலை இன்னும் பலவீனமானது. 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை எடுக்கப்படும், முடக்கக் காலத்துக்குக் கூலியைப் பிடித்தமின்றித் தர வேண்டும் என்றெல்லாம் கூறியது. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லை. கூலி குறித்த வழக்கில், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேரிடர் ஆணை ஏழு வாரத்தில் போய்விடும். அதை நம்பி ஒருவர் உடல்நலத்தைத் திட்டமிட முடியாது. நிலையாக நிற்பது இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு.

இஎஸ்ஐ: இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் ₹21,000 வரை சம்பளம் பெறுபவர் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு உரியவர். அவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வியே இதில் இல்லை. முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ₹800 வீதம் 26 நாள் வேலை என்றால் மாதச் சம்பளம் ₹20,800. தொழிலாளி கட்டுவது ₹156. முதலாளி கட்டுவது ₹676. இதற்கு ஈடாக, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு மருத்துவம் உண்டு. அருகிலுள்ள இஎஸ்ஐ மருந்தகத்தில் தொடங்கி அயனாவரம், கலைஞர் கருணாநிதி நகர் இஎஸ்ஐ மருத்துவமனைகள் வரை போகலாம். ஊரில் இருக்கும் மனைவி மக்களும் அங்குள்ள இஎஸ்ஐ மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நோய்க்காக விடுப்பு எடுத்தால் சராசரி நாள்கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை, பணமாக வரும். பதினான்கு நாள் தனித்திருந்தால், பொதுவாகக் கழிக்கப்படும் முதல் இரண்டு நாள் போக, பன்னிரண்டு நாளுக்கு நாளொன்றுக்கு ₹560 வீதம் ஏறக்குறைய ₹6,720 வருகிறது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருபவர் பெரும்பாலும் கூலி போய்விடும் என்று அஞ்சித்தான் வருகிறார். ஆகவே இந்தத் தொகை அவரோடு சேர்த்துப் பட்டறையில் உள்ள மற்றவர்களையும் காக்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது; பலர் அதில்தான் சிக்குகிறார்கள். பணப்பயன் கிடைக்க, ஆறு மாதச் சந்தாக் காலம் ஒன்றில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயன்காலம், அதாவது அந்தப் பணத்தைப் பெறக்கூடிய காலம், தொடங்க ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். ஊரில் தொற்று பரவத் தொடங்கிய பிறகு அவசரமாகப் பதிந்தால் மருத்துவம் கிடைக்கும், கூலிக்கு ஈடு கிடைக்காது. ‘ஆறு மாசம் இருந்தால்தான் பதிவேன்’ என்று சொல்லும் முதலாளி, அந்த ஆறு மாதத்தையும் தொழிலாளியின் கணக்கிலிருந்து கழிக்கிறார்.

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்வோர்

இவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இரண்டு வழியில் வரலாம். முதலாவது, சொந்த மாநிலத்தில் எடுத்த ஆயுஷ்மான் பாரத் அட்டை. 2018 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை, உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும், எந்த மாநிலத்திலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் உரிமை உண்டு; விவரம் கேட்க 14555. ஆனால் கொரோனா பரவிய ஆண்டுகளில் ஒடிசாவும் மேற்கு வங்கமும் இத்திட்டத்தில் இல்லை. சென்னைக்கு ஏராளமாக ஆள் வரும் இரண்டு மாநிலங்களின் தொழிலாளருக்கு எங்கும் செல்லுபடியாகும் அட்டை என்ற பேச்சு அன்று பொருந்தவில்லை. ஒடிசா 2025 ஜனவரியில் இணைந்தது. ஆகவே அம்மாநிலத்தவர் ஊருக்குப் போகும்போது அட்டை எடுத்து வருமாறு இப்போது சொல்லலாம்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வசிக்கும் வெளிமாநிலத்தவர், உரிய அலுவலரின் சான்றோடு, ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் இருந்தால் சேரலாம். இது பலருக்கும் தெரிவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993.

உணவு தானியத்துக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை. தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டையில் பெயரும் ஆதார் இணைப்பும் இருந்தால், தம் பங்கான மாதம் 5 கிலோவை இங்கே கைரேகை வைத்து வாங்கலாம். மீதியைக் குடும்பம் ஊரில் வாங்கும். தமிழ்நாட்டு அட்டைக்கு உரிய பருப்பும் எண்ணெயும் இதில் வராது. உலர் உணவு, சமூகச் சமையற்கூடம், இந்த ரேஷன் ஏற்பாடு ஆகிய மூன்றையும் மாநிலங்கள் செய்தாக வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பின் வழியே விரைவுபடுத்தப்பட்ட இ-ஷ்ரம் பதிவை மருத்துவ அட்டை என்று எண்ணிவிட வேண்டாம். அது 16 முதல் 59 வயதுக்குட்பட்ட அமைப்புசாராத் தொழிலாளிக்குத் தரப்படும் 12 இலக்க எண், அவ்வளவே.

யார் புலம்பெயர்ந்தவர்

மாநிலம் விட்டு மாநிலம் புலம்பெயரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவரை மட்டுமே கணக்கில் கொண்டது. ஐந்து பேர் இருந்தால் அது பொருந்தியது. இலவச மருத்துவ வசதியையும் ஒப்பந்தக்காரர் பொறுப்பில் வைத்தது. அதற்கு மாற்றாக வந்த 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தாமாக ரயிலேறி வந்தவரையும் இது சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தியும், சம்பள வரம்பை இப்போதைக்கு ₹18,000 என்று வைத்தும் இருக்கிறது. மேலே சொன்ன ₹20,800 பெறும் லேத் தொழிலாளி இஎஸ்ஐக்குள் வருவார், இந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வரமாட்டார். விரிவாக்கம் என்று சொல்லப்பட்டதில் இப்படியும் ஓர் ஓட்டை.

வெளிமாவட்டத்திலிருந்து வந்தவருக்கு இச்சட்டம் பொருந்தாது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்றோடு கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பியவர்கள் நம் மாநிலத்தவரே. அவர்களுக்கு உரியவை இஎஸ்ஐயும் முதலமைச்சர் காப்பீடும் சொந்த ரேஷன் அட்டையும்தான்.

ஆளெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, முன்பு எங்கேனும் இஎஸ்ஐ எண் இருந்ததா என்பது. அந்த எண் ஆயுள் முழுவதற்கும் ஒன்றுதான். கிண்டியிலிருந்து அம்பத்தூருக்கு வேலை மாறியவருக்குப் புதிய எண் எடுத்துவிட்டால், பழைய இடத்தில் கட்டிய சந்தா நாள்கள் அந்த 78இல் தாமாகச் சேராது.