மோந்து பார்த்தால் தெரியாது

"மோந்து பார்த்தேன் டாக்டர், நல்லாத்தான் இருந்தது." இந்த வாரமும் இதைக் கேட்டாயிற்று. தயாரித்த நிறுவனமே திரும்பப் பெறுவதாக அறிவித்த உணவுப் பொருள் அது. அறிவிப்பைப் படித்தபின் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். இப்போது காய்ச்சல், வயிற்றுப்போக்கு.

உணவைக் கெட வைக்கும் கிருமி வேறு, நோய் தரும் கிருமி வேறு. புளிப்பது, நாறுவது, பூசணம் பூப்பது எல்லாம் முதல் வகையின் வேலை. நோய் தரும் கிருமிகளான சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் இருப்பதை மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காது. ஒரு ஸ்பூன் ருசி பார்ப்பதற்குப் பெயர் சோதனை இல்லை, சாப்பிடுவது.

அடுத்த வசனம்: "பாதி பாக்கெட் தீர்ந்தது, ஒன்றும் ஆகலையே." கிருமி பாக்கெட் முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. லிஸ்டீரியா நோய் சில சமயம் 70 நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். கர்ப்பிணிக்கு அது லேசான காய்ச்சலாக வந்து கருவைக் கலைத்துவிடலாம். ஃப்ரிட்ஜ் குளிரிலும் லிஸ்டீரியா கிருமி வளரும். ஃப்ரீசரில் வளராது, ஆனால் சாகாது.

கொதிக்க வைத்தால் போதுமாம்! ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் விடும் நச்சு கொதித்தாலும் அழியாது. சிலருக்கு ஒவ்வாமை தரும் வேர்க்கடலையை லேபிளில் சொல்லாமல் விட்டதற்காகத் திரும்பப் பெற்றிருந்தால், அதைக் கொதிக்க வைத்து என்ன செய்ய? கண்ணாடித் துண்டையும் கொதிக்க வைப்பீர்களா?

சரி, உங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பொருள்தானா என்று எப்படிப் பார்ப்பது? பிராண்டோடு நிற்காதீர்கள். எடை, பேட்ச் எண் (ஒரே தொகுதியாகத் தயாரான சரக்குக்குத் தரும் எண்), தேதி மூன்றையும் அறிவிப்போடு ஒப்பிடுங்கள். பேட்ச் எண் டப்பாவின் அடியிலோ கவரின் மடிப்பிலோ பாதி அழிந்து கிடக்கும். போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் அரசு அல்லது நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். ஒரே ஆலையிலிருந்து பல பிராண்டுகள் வருவதால் பட்டியல் பின்னால் நீளலாம், இரண்டு நாள் கழித்து மறுபடியும் பாருங்கள்.

டப்பாவில் கொட்டியதும் கவரைத் தூக்கிப் போடுகிறீர்களே, அதுதான் பெரிய தலைவலி. எண் உள்ள துண்டை வெட்டி டப்பாமேல் ஒட்டுங்கள். எண் தெரியவில்லையா? சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

வீணாகிறதே என்று யாருக்கும் கொடுக்காதீர்கள், நாய்க்கும்தான். அதை வைத்திருந்த ஃப்ரிட்ஜ் அல்லது அலமாரித் தட்டை சோப்பு போட்டுத் துடையுங்கள். உடம்புக்கு முடியாமல் எங்களிடம் வந்தால், தயவுசெய்து கவரை போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். "ஏதோ மஞ்சள் பாக்கெட்" என்றால் நாங்கள் எதைத் தேடுவது?