இருட்டில் தெரிந்த வெள்ளைக் கோடு

இரண்டாம் உலகப் போர்க்கால லண்டன் ரயில் நிலையங்களில் பிளாட்பார விளிம்புக்கு வெள்ளையடித்தார்களாமே, விளக்கையே அணைத்த பிறகு அந்தக் கோடு யார் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

1939 செப்டம்பர் 1 அன்று பிரிட்டனில் இருட்டடிப்பு அமலுக்கு வந்தது. மேலே பறக்கும் எதிரி விமானிக்குப் பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது. வாட்டர்லூ, பாடிங்டன் போன்ற நிலையங்களில் விளக்குதான் குறைந்ததே தவிர, கூட்டம் குறையவில்லை. ரயில் நின்றதும் பிளாட்பாரம் என்று நினைத்து மறுபக்கக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் விழுந்தவர்கள் உண்டு.

விழித்திரையில் கூம்பு செல்கள் நிறம் பார்க்கும், குச்சி செல்கள் மங்கலில் பார்க்கும். இது பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது குச்சி செல்லுக்குள் நடப்பது. அங்கே ரோடாப்சின் என்ற புரதம். அதன் மடியில் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு, முழங்காலை மடக்கி உட்கார்ந்ததுபோல் வளைந்து கிடக்கிறது. ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒரு துகள், மோதினால் போதும், சடக்கென்று காலை நீட்டிவிடும். ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது! அந்த உதையில் புரதத்தின் வடிவம் மாறி, நொதிகள் வரிசையாக விழித்து, 'ஒளி வந்தது' என்ற செய்தி மூளைக்குக் கிளம்புகிறது.

நீட்டிய கால் அங்கேயே மடங்குவதில்லை. ரெட்டினால் புரதத்தைவிட்டுக் கழன்று, பக்கத்து நிறமி செல் அடுக்குக்குப் போய், மடக்கப்பட்டுத் திரும்ப வேண்டும். பளீர் வெளிச்சத்திலிருந்து வருபவரின் ரோடாப்சினில் பெரும்பகுதி இப்படி ரெட்டினாலை இழந்து, ஒளியைப் பிடிக்க முடியாமல் வெளுத்துக் கிடக்கும். முழுதும் மீள 30, 40 நிமிடம் ஆகும். ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கு ஏது அவ்வளவு நேரம்? அரைகுறையாக மீண்ட கண்ணுக்கும் எட்டுவது வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாடு. குச்சி செல்லுக்கு நிறம் தெரியாது. சிவப்புக் கோடு போட்டிருந்தால் கருப்போடு கருப்பாகப் போயிருக்கும்.

இன்னொன்று, விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே இல்லை. மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறையும்; சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். ஓரக்கண்ணில் தெரிந்து, திரும்பினால் காணாமல் போகும் 'பேய்'களில் பாதி இந்த வகைதான் என்பது என் கருத்து.

உலகம் போரில் எரிந்துகொண்டிருந்த 1942-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செலிக் ஹெக்டும் அவரது சகாக்களும் ஆட்களை இருட்டில் உட்காரவைத்து, பார்வையின் ஓரத்தில் மிக மெல்லிய ஒளியை மின்ன விட்டார்கள். குச்சி செல்கள் மொத்தமாக 5 முதல் 14 ஃபோட்டான் வாங்கினாலே மனிதனுக்கு ஒளி தெரிகிறது என்று கண்டார்கள். 'இதனால் உடனே என்ன லாபம்' என்று கேட்டு ஆய்வுப் பணத்தை வெட்டுபவர்களிடம் நான் முதலில் காட்ட விரும்பும் சோதனை இது.

அதே காலத்தில் பிரிட்டிஷ் அரசு, விமானி ஜான் கன்னிங்ஹாமின் இரவுப் பார்வைக்குக் கேரட்தான் காரணம் என்ற கதையைப் பரவ விட்டது. உண்மையில் அவருக்கு உதவியது ரேடார். ரெட்டினால் செய்ய வைட்டமின் ஏ தேவை, குறைந்தால் மாலைக்கண் வரும். ஆனால் உடலில் போதிய அளவு இருப்பவர் கூடை கேரட் தின்றாலும் பார்வை கூடாது.

ரோடாப்சின் இரண்டு கண்ணிலும் தனித்தனியாகத்தான் மீள்கிறது. இன்றிரவு வெளிச்சமான அறையில் ஒரு கண்ணை மட்டும் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு கால் மணி நேரம் இருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கண்களை மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். பொத்தியிருந்த கண்ணில் நாற்காலியின் விளிம்பு தெரியும். மற்றதில் வெறும் கருப்பு.