அங்க அடையாளம்: பயோமெட்ரிக்குக்கு நம்மிடம் இருந்த சொல்

காணவில்லை விளம்பரங்களைப் படித்திருப்பீர்கள். பெயர், வயது, உயரம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம், அப்புறம் ‘அங்க அடையாளம்: வலது புருவத்தின் மேல் தழும்பு’. பள்ளிச் சான்றிதழிலும் இதே தலைப்பு உண்டு. அதை நிரப்ப மச்சம் தேடி முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விரல்ரேகை, முகம், கருவிழி இவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் பயோமெட்ரிக் என்பதற்குத் தமிழ் தேடுகிறவர்கள் ஏனோ இந்தத் தலைப்பைக் கண்டுகொள்வதே இல்லை.

அகராதியைத் திறந்தால் உயிரியளவு, உயிரளவையியல் என்றெல்லாம் வரும். கிரேக்கத்தில் பயோஸ் என்றால் உயிர், மெட்ரோன் என்றால் அளவு. இரண்டையும் பெயர்த்து ஒட்டியிருக்கிறார்கள். பிழை சொல்ல முடியாது, ஆனால் சிக்கல் மூலச்சொல்லிலேயே இருக்கிறது. கால்டன், பியர்சன் என்ற ஆங்கிலேய அறிஞர்களின் காலத்தில் உயிரினங்களை அளந்து புள்ளியியல் கணக்குப் போடும் துறைக்குத்தான் இப்படிப் பெயர். 1901-இல் ‘பயோமெட்ரிக்கா’ என்ற இதழையே தொடங்கினார்கள். நம் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது படித்துக்கொண்டு வந்தது அந்த இதழின் தொகுதிகளைத்தான். அந்தத் துறைக்கு உயிரியளவு பொருத்தமே. ஆளை அடையாளம் காண்பது என்ற பொருள் பின்னாளில் வந்து ஏறிக்கொண்டது. ரேஷன் கடையில் விரலை வைக்கும்போது யாரும் நம் உயிரை அளப்பதில்லையே! ஆள் இவர்தானா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

கைநாட்டு என்றும் ஒரு சொல் இருக்கிறது. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். ரேகை வரலாற்றில் அது பெரிய சம்பவம். ஆனால் தமிழில் கைநாட்டு என்பது எழுதப் படிக்கத் தெரியாதவரை ஏளனம் செய்யும் சொல்லாகிவிட்டது. இன்று டாக்டர்கூட விரலை வைத்துத்தான் வருகையைப் பதிகிறார். இருந்தாலும் முகத்துக்கும் கருவிழிக்கும் அந்தச் சொல் எட்டாது. அங்க அடையாளம் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும்.

இன்னொரு வசதியும் உண்டு. அடையாளம் வேறு, பெயர் வேறு என்பது இந்தச் சொல்லைக் கேட்டவுடனே புரியும். நாடுகள் இந்தத் தகவலைப் பகிரும்போது அந்தரங்கத்தைக் காக்கும் வழியும் இதுதான். 2005-இல் ஜெர்மனியின் ப்ரூம் என்ற ஊரில் ஏழு ஐரோப்பிய நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டுக் காவல்துறை, குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ரேகையை மட்டும் பெயர் விவரம் இல்லாமல் மற்ற நாட்டின் தொகுப்போடு ஒப்பிடும். பொருந்தினால் ஒரு குறிப்பு எண் வரும், இல்லையென்றால் ‘இல்லை’ என்ற பதில். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று அறிய, அந்த நாட்டின் சட்டப்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊர் முழுவதன் பதிவேட்டையும் பக்கத்து ஊருக்குத் தூக்கிக் கொடுக்காமல், ‘இப்படி ஒரு தழும்புள்ள ஆள் உங்கள் ஊரில் உண்டா?’ என்று கேட்பது மாதிரி.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. அதனால்தான் இவ்வளவு சுற்றி வளைப்பு.

அடையாளத்தையும் பெயரையும் இப்படிப் பிரித்து வைப்பது எப்போதும் நிலைப்பதில்லை. தஞ்சம் கேட்பவர்களின் ரேகைகளைச் சேர்க்கும் யூரோடாக் என்ற ஐரோப்பியத் தகவல் தொகுப்பு 2003-இல் தொடங்கியது. ஈழத்திலிருந்து போனவர்களும் அதில் ரேகை பதிந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பதிந்துவிட்டு இன்னொரு நாட்டில் தஞ்சம் கேட்டால், முதல் நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படலாம். ஆனால் தொடக்கத்தில் அந்தத் தொகுப்பில் தஞ்சம் கேட்டவரின் பெயர் இடம்பெறவில்லை. 2024-இல் நிறைவேறிய புதிய சட்டம் பெயரையும் முகப்படத்தையும் சேர்க்கச் சொல்கிறது, ரேகை பதிவதற்கு 14 ஆக இருந்த குறைந்தபட்ச வயதையும் 6 ஆக இறக்கிவிட்டது. எனக்கு இது உறுத்துகிறது.

சரி, அடையாளம் பொருந்துவதை எப்படிச் சொல்வது? ‘ஒப்புமை உறுதிப்பாடு’ என்றெல்லாம் யாராவது ஆக்கிவிடுவதற்குள் ரேஷன் கடை வரிசையைக் கேட்டுவிடலாம். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலைப் பாட்டி நாலாவது முறை சேலையில் துடைத்து வைக்கிறார். கடைக்காரர் கருவியைப் பார்த்துச் சொல்கிறார்: “ரேகை விழலை பாட்டி, அடுத்த விரலை வைங்க.”