மஞ்சப்பைக்குள் ஏழு மாத்திரை அட்டை

ஓ.பி. முடிந்து டீ வந்த நேரம். ஒரு மாமியார் உள்ளே வந்து, மஞ்சப்பையை அப்படியே என் மேஜைமேல் கவிழ்த்தார். ஏழு மாத்திரை அட்டைகள், ஒன்றுகூட முழுசு இல்லை. நாலு மாத்திரையோடு கத்தரித்த துண்டு, இரண்டு மாத்திரையோடு கத்தரித்த துண்டு, ஒன்றில் மருந்தின் பெயர் இருந்த பக்கமே வெட்டுப்பட்டுப் போய் சிவப்புக் கோடு மட்டும் மிச்சம். பக்கத்து நாற்காலியில் மருமகள், சிசேரியன் ஆகிப் பதினொன்றாம் நாள். ஸ்வெட்டர், அதன்மேல் கம்பளி, காதில் பஞ்சு, தலையைச் சுற்றி மஃப்ளர். அப்படியும் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது.

"மலைக்குளிருங்க டாக்டரம்மா. மூணு நாளா நடுங்குறா. கம்பளி மேல கம்பளி போத்தியாச்சு, நிக்கல."

ஆகஸ்ட் மாதக் கோத்தகிரியில் யார்தான் நடுங்கவில்லை, நானே இரண்டு ஸ்வெட்டரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் குளிரில் நடுங்குகிறவருக்கு நாடி 130 ஓடாது, மூச்சு நிமிடத்துக்கு 28 வாங்காது. தெர்மாமீட்டர் 103 காட்டியது. தையலின் இடது ஓரம் சிவந்து, லேசாக அழுத்தியதும் சீழ் வந்தது. அந்த வாடையை என் சிஸ்டர் வாசலிலேயே பிடித்துவிட்டார், நான் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்குள் அவர் சலைன் பாட்டிலோடு நிற்கிறார். (இருபது வருட சர்வீஸ் உள்ள நர்ஸின் மூக்கு எந்த லேபுக்கும் குறைந்ததில்லை, இதை இளம் டாக்டர்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம்.)

யாரையும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பையில் இருந்தது எதையும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் இல்லை, ஏனென்றால் எல்லாப் பையிலும் இதேதான் இருக்கிறது. ஒன்று, டிஸ்சார்ஜில் கொடுத்த செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக், மூன்றாம் நாளே நிறுத்தியது, "வலி விட்டுடுச்சு". இன்னொன்று, நடுக்கம் வந்ததும் மெடிக்கலில் சொல்லி வாங்கிய அஸித்ரோமைசின், மூன்று மாத்திரை. கணவரின் சொத்தைப் பல்லுக்குப் போன பொங்கலில் வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிசிலின். பக்கத்து லயன் வீட்டில் "நல்லா கேக்குது" என்று கொடுத்த ஏதோ ஒன்று. பாராசிட்டமால். வலி மாத்திரை. கடைசியாக ஒரு கேஸ் மாத்திரை, அதையும் ஆன்டிபயாட்டிக் என்று நினைத்து இரண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். இந்த மழைக்காலத்தில் எனக்கு இது நாலாவது பை. அதனால்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், கோபம் அங்கங்கே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீழையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்பினோம். கல்ச்சர் என்றால் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பது. இரண்டு மூன்று நாள் ஆகும், அவசரப்படுத்தினால் கிருமி வேகமாக வளராது. வந்த ரிப்போர்ட்டில் க்ளெப்சியெல்லா என்ற கிருமி. எதிரே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் நேராக ஆர், ஆர், ஆர் என்று மேலிருந்து கீழே ஒரே எழுத்து. ஆர் என்றால் கேட்காது. பட்டியலின் அடியில் இரண்டு மருந்துக்கு மட்டும் எஸ், அதில் ஒன்று மெரோபெனம். மாத்திரையாகக் கிடைக்காது, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்ற வேண்டும், அதுவும் வார்டில் படுக்க வைத்து. அதற்கும் ஆர் வருகிற கிருமிகள் நம் நாட்டில் இருக்கின்றன. அப்படி வந்தால் கோலிஸ்டின் மாதிரி, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய பழைய மருந்துகளைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார்: "அவ உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சுங்களா மேடம்?"

இந்த ஒரு வாக்கியத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறேன். படித்தவர், படிக்காதவர், வாத்தியார், வங்கி மேலாளர், எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள், அதனால் இதை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு எதற்கும் பழகவில்லை. பழகுவது கிருமி.

அவர் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். அவரிடமே கேட்டேன், தேயிலையில் சிவப்புச் சிலந்திக்கு ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் என்ன ஆகும் என்று. "அப்புறம் கேக்காதுங்க, மருந்தை மாத்தணும்." ஏன், தேயிலைச் செடி பழகிவிட்டதா? சிரித்தார். "செடி எங்கங்க பழகும், சிலந்திதான் பழகிடுச்சு." அவ்வளவுதான் விஷயம். உங்கள் மனைவி செடி, க்ளெப்சியெல்லா சிலந்தி.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். எல்லாமே இதில்தான் இருக்கிறது. உடம்புதான் பழகுகிறது என்று நினைக்கிறவர், "நான் மாத்திரையே போடுவதில்லை, எனக்கு ஒரே ஊசியில் கேட்டுவிடும்" என்று நிம்மதியாக இருக்கிறார். கேட்காது ஐயா. பக்கத்துப் படுக்கையில் இருக்கிறவரிடமிருந்து, ஒழுங்காகக் கை கழுவாத என்னிடமிருந்து, வீட்டுக் கழிப்பறையிலிருந்து அந்தக் கிருமி உங்களுக்கு வந்தால், வாழ்நாளில் ஒரு மாத்திரை விழுங்காதவராக இருந்தாலும் உங்களுக்கும் மருந்து கேட்காது. பிறந்த குழந்தைக்கும் அப்படியே, அது என்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டது? இன்னொன்று, உடம்பு பழகிவிட்டது என்று நினைக்கிறவர் கேட்பது "இன்னும் பவரா ஏதாவது எழுதுங்க". பவர் கூடக் கூட, மிச்சமிருக்கும் கிருமிக்கு அதையும் ஜெயிக்கப் பயிற்சி கொடுக்கிறோம். நல்ல சூழல் கிடைத்தால் ஈ.கோலை என்ற குடல் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். தாக்குப்பிடிக்கும் வித்தையைத் தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற வேற்று இனக் கிருமிக்கும் சின்ன மரபணுத் துண்டாகக் கைமாற்றிக் கொடுக்கும். சொத்துத் தகராறே கிடையாது. நம்மில் பலருடைய குடலில், எந்த நோயும் இல்லாமல் நடமாடும்போதே, இப்படிப்பட்ட கிருமிகள் குடியிருக்கின்றன. குடலில் இருக்கிறவரை தொந்தரவு இல்லை. பிரசவத்தில் அது கிழிசலுக்கோ, தையலுக்கோ, சிறுநீர்க் குழாய் வழியாக மேலேயோ போய்விட்டால்தான் வினை.

யோசித்துப் பார்த்தால், இந்த வகை மருந்துகள் பெயர் வாங்கியதே பிள்ளை பெற்றவர்களைக் காப்பாற்றித்தான். 1936-ல் லண்டன் குயின் ஷார்லட்ஸ் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் பிரசவக் காய்ச்சலுக்குச் சல்ஃபா வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார், அதுவரை கையைப் பிசைந்துகொண்டு நின்ற வார்டுகளில் பெண்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கும்போதே, அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமி தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். எண்பது வருடம் ஆகிறது. நாம் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, நோயாளிகளை மட்டும் திட்டினால் நியாயமில்லை. எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு. சுகப்பிரசவம், எந்தச் சிக்கலும் இல்லை, அதற்கும் "ஒரு பாதுகாப்புக்கு" ஐந்து நாள் மாத்திரை எழுதுகிறோம். தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, சாதாரணமாகக் கத்தரித்துத் தையல் போட்ட பிரசவத்துக்கும் வழக்கமாக எழுத வேண்டாம் என்கிறது. சிசேரியனுக்குக் கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு டோஸ், அதுதான் முக்கியம். 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் கையிலும் ஒரு வாரத்துக்கு அட்டையைக் கொடுத்து அனுப்பினால், மிச்சம் எந்தெந்தப் பைக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கை கழுவுவது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், டாக்டர்களின் கைதான் பிரசவ வார்டில் காய்ச்சலைப் பரப்புகிறது என்று கண்டுபிடித்து, குளோரின் தண்ணீரில் கழுவ வைத்துச் சாவைக் குறைத்தார். சக டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. இங்கே எங்களுக்கு வேறு பிரச்சினை. ஜனவரி மாதம் காலை ஆறு மணிக்கு நீலகிரியில் குழாய்த் தண்ணீர் எப்படியிருக்கும் தெரியுமா? விரல் நுனி மரத்துப்போகும். சோப்புப் போட்டு நாற்பது விநாடிக்குக் குறையாமல் கழுவ வேண்டிய இடத்தில் நாலு விநாடியில் கையை உதறிவிட்டு வருவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானே செய்திருக்கிறேன். சண்டை போட்டு ஒரு கீசரும், ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு ஹேண்ட்ரப் பாட்டிலும் வாங்கினேன். உங்களைத் தொட வருகிறவர் கையைத் தேய்க்காமல் வந்தால் தயங்காமல் கேளுங்கள். டாக்டராக இருந்தாலும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது. பிரசவமாகி 42 நாளுக்குள் காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, நடுக்கம் வந்தாலோ அது பனி இல்லை, ஜன்னி என்று வேப்பிலை அடிக்கிற சமாசாரமும் இல்லை. மூன்றாம் நாள் பால் கட்டி லேசாக உடம்பு சுடுவது உண்டுதான், ஆனால் அதைத் தீர்மானிப்பது பாட்டி வேலை இல்லை, வந்து காட்டுங்கள். வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே உள்ளே விஷயம் முற்றிக்கொண்டிருக்கும், ஆகவே தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். படபடப்பு, மேல்மூச்சு வாங்குவது, கெட்ட வாடையோடு தீட்டுப் போக்கு, அடிவயிறு தொடமுடியாத வலி, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, "ஒரு மாதிரி இருக்கா" என்று உங்களுக்கே தோன்றுவது, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எஸ்டேட்டுக்குக் காலையில் ஒரு பஸ், அதில் வந்தால் ஒருவருக்குக் கூலி போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும், எல்லாம் தெரிகிறது. அதற்காகத்தானே மெடிக்கலுக்கு ஓடுகிறீர்கள். ஆனால் நிலைமை முற்றி குஞ்சப்பனை வழியாக ராத்திரியில் கோயம்புத்தூருக்கு இறக்கும்போது, மழையில் எங்காவது மண் சரிந்து பாதை அடைத்திருந்தால், எங்கள் யார் கையிலும் ஒன்றுமில்லை.

தீட்டுத் துணியை அடுப்புக்கு மேல் கயிற்றில் போட்டுப் புகையில் உலர்த்துவதை விடுங்கள் தாயே. மழைக்காலத்தில் இங்கே எதுவும் காயாது, அரை ஈரத்திலேயே மறுபடி கட்டிக்கொள்கிறீர்கள். பேட் வாங்குங்கள், முடியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது, குளிக்க விடாமல் வைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். வெந்நீரில் குளிக்கட்டும், தையலை ஒற்றித் துடைக்கட்டும். லேகியம் சாப்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. செஃபிக்சிம் மாதிரி மருந்துகள் 2014 மார்ச்சிலிருந்து எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, நோயாளி பேர், டாக்டர் பேர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கே தெரியும். தெரிந்துதான் அட்டையை வெட்டுகிறீர்கள்.

டாக்டர் ஐந்து நாள் எழுதினால் ஐந்து நாள். மூன்றில் நிறுத்தவும் வேண்டாம், "மிச்சம் இருக்கே" என்று பத்து நாளாக நீட்டவும் வேண்டாம். நாங்கள் பிரசவமானவருக்குத் தேர்ந்தெடுக்கிற ஆன்டிபயாட்டிக்குகளில் பெரும்பாலானவை சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுக்கலாம், பயந்து பாலை நிறுத்துவதற்கு முன்னால் கேளுங்கள்.

அந்தப் பெண் பதினாலு நாள் வார்டில் இருந்தார். மெரோபெனம் கேட்டது. தையலைப் பிரித்து, தினமும் கழுவிக் கட்டி, பிறகு மறுபடி தைத்தோம். குழந்தைக்கு இடையில் பால் நிற்காமல் பார்த்துக்கொண்டது சிஸ்டரின் சாமர்த்தியம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு மாமியார் வந்து மேஜை ஓரத்தில் நின்றார். அந்த மாத்திரைகளைக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் ஒரு பிரசங்கத்துக்கே தயாராகிவிட்டேன். "மாத்திரை எதுவும் வேணாங்க டாக்டரம்மா, அந்தப் பையை மட்டும் குடுங்க, இவளுக்கு வெத்தலை பாக்கு வெச்சுக் குடுத்த பை" என்றார். டிராயரிலிருந்து எடுத்து, உதறிக் கொடுத்தேன்.