"அங்கே சாவு அதிகமாமே, டாக்டர்?"

போன வாரம் 52 வயது லாரி ஓட்டுநர் ஒருவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் தாலுகா மருத்துவமனை. "ஏம்மா அங்கே போகலை?" என்றேன். "அங்கே சாவு அதிகம்னு சொன்னாங்க சார்" என்றார் மனைவி. இந்த மாதத்தில் இதே பதிலை மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். ஓட்டுநர் பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தின் பெரும்பகுதி செயலிழந்துவிட்டது, இனி லாரி ஓட்ட முடியாது.

இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மருத்துவமனையை எடைபோடாதீர்கள். மாரடைப்பில் ரத்த அழுத்தம் விழுந்து, கைகால் சில்லிட்டு வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை நல்ல சிகிச்சை கொடுத்தும் இழக்கிறோம். அவர்களை நடுராத்திரியிலும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் இறப்பு கூடத்தான் செய்யும். "பெரிய இடத்துக்குக் கொண்டு போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிடும் இடத்தில் கணக்கு சுத்தமாக இருக்கும். அந்த நோயாளி வழியில் இறந்தால் யார் கணக்கிலும் வராது. வயது, சர்க்கரை, வந்து சேர்ந்தபோது இருந்த நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் இரண்டு மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடவே கூடாது.

நாங்கள் பார்ப்பது நிமிடங்களை. வந்த 10 நிமிடத்தில் ஈசிஜி எடுத்தார்களா? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்றால் 30 நிமிடத்துக்குள் போட்டார்களா? ஆஞ்சியோபிளாஸ்டி (ரத்தக்குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை நீக்குவது) என்றால் 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறந்தார்களா?

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து ஒரு முயற்சி நடந்தது. அருகிலுள்ள இடத்தில் ஊசி, அப்புறம் பெரிய இடத்தில் ஆஞ்சியோ. மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள். பக்கத்திலுள்ள இடத்தை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

நெஞ்சை அழுத்தினால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். போனதும் முதலில் ஈசிஜி, பதிவுச் சீட்டும் பணமும் அப்புறம். தயங்காமல் கேளுங்கள். பெரிய இடத்துக்கு அனுப்பினால் ஈசிஜி தாளை ஃபோட்டோ எடுத்து அங்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் நாங்கள் அடைப்பைத் திறக்கும் அறையை (கேத் லேப்) தயார் செய்துவிடுவோம்.