குவீன்ஸ்லாந்தில் சொந்த வீடா? புகை அலாரத்துக்குக் கெடு 2027 ஜனவரி 1

2011 ஆகஸ்டில் ஓர் இரவு, பிரிஸ்பேனுக்குத் தெற்கே ஸ்லாக்ஸ் கிரீக்கில் ஒரு வீடு தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் புகை அலாரச் சட்டத்தை இறுக்கியது அதற்கு அப்புறம்தான். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 2017 ஜனவரி 1 முதலும், விற்கிற அல்லது வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு 2022 ஜனவரி 1 முதலும் அது நடப்பில் இருக்கிறது. நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு மட்டும்தான் இன்னும் கெடு.

இந்தச் சட்டத்தில் முக்கியமானது, அலாரங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது. கீழ்த்தளத்தில் புகை கிளம்பினால், மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற பிள்ளையின் தலைக்கு மேலும் அலாரம் அலற வேண்டும். நடைவழியில் ஒன்றே ஒன்று மாட்டியிருந்தால், அதன் சத்தம் சாத்திய கதவைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்தைக் கலைக்கும் என்று நம்ப முடியாது.

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று வேண்டும். அவற்றை வீட்டின் மற்ற பகுதியோடு சேர்க்கும் நடைவழியிலும் வேண்டும். படுக்கையறை இல்லாத தளம் என்றால், வெளியேறும் பாதையில் ஒன்றாவது. உட்கூரையில் மாட்டும்போது சுவரோரத்திலிருந்தும் விளக்கிலிருந்தும் 300 மில்லிமீட்டராவது, மின்விசிறி இறக்கையிலிருந்தும் ஏசி காற்றுவாயிலிருந்தும் 400 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். சின்ன அறையில் நடுவே விசிறி சுற்றினால் இடம் கிடைப்பது சிரமம். டேப் வைத்து அளந்துவிட்டே துளை போடுங்கள்.

வாங்கும்போது போட்டோஎலக்ட்ரிக் (ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும்) வகைதானா, ஆஸ்திரேலியத் தரநிலையான ஏ.எஸ். 3786-2014 குறி இருக்கிறதா என்று பாருங்கள். அயனைசேஷன் (துளி கதிரியக்கப் பொருளை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும்) சென்சாரும் சேர்ந்தது கூடாது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: 10 வருடம் தாண்டியது செல்லாது. கழற்ற முடியாத 10 வருட பேட்டரியில் ஓடுவதும் சரி, வீட்டு மின்சாரத்தில் ஓடுவதும் சரி. ஆனால் பழைய அலாரம் மின்சார இணைப்பில் இருந்தால், அந்த இடத்தில் பேட்டரி அலாரத்தை மாட்டிச் சமாளிக்க முடியாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும். வயர் இல்லாமல் இணைகிற வகையை வாங்கினால், ஒரே நிறுவனத்தின் ஒத்துப்போகும் மாடல்களாகவே எடுங்கள். இல்லையென்றால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்கு எட்டாமல் போகலாம்.

வாடகை வீட்டில், ஒப்பந்தம் தொடங்குவதற்கோ புதுப்பிப்பதற்கோ முந்தைய 30 நாளுக்குள் அலாரங்களைச் சோதித்துச் சுத்தம் செய்வது உரிமையாளரின் கடமை. அதன்பின் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது சோதிப்பது குடியிருப்பவருடையது. சோதிக்கும்போது ஒருவர் பொத்தானை அழுத்தட்டும்; இன்னொருவர் கடைசிப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அங்குள்ள அலாரமும் கத்துகிறதா என்று கேட்கட்டும்.